தோளில் குண்டு, அடுத்த சீனில் ஃபைட்: க்ரைம் தொடர்கள் காட்டாத நிஜம் என்ன?

க்ரைம் தொடர் ரசிகர்களுக்கு இந்த சீன் மனப்பாடம். வில்லன் சுடுகிறான். ஹீரோவின் தோளில் குண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு கார் கதவுக்குப் பின்னால் பதுங்கி, பதிலுக்கு நாலு ரவுண்டு சுடுகிறார். அடுத்த எபிசோடில் கையைத் துணியில் தொங்கவிட்டபடி ஆபீஸுக்கே வந்துவிடுவார். நிஜத்தில் இதில் எதுவும் இப்படி நடப்பதில்லை.

முதலில் சத்தம். 2017 அக்டோபர் 1 இரவு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த இசை விழாவை நோக்கி, அருகில் இருந்த ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவர் சுட ஆரம்பித்தார். கூட்டத்தில் பலர் அதைப் பட்டாசு என்றுதான் நினைத்தார்கள். 60 பேர் உயிரிழந்த அந்தச் சம்பவத்தில் தப்பியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். திரையில் கேட்கும் கனமான ‘டுமீல்’ பெரும்பாலும் ஸ்டுடியோவில் சேர்க்கப்படுவது. தூரத்திலிருந்து வரும் நிஜ சத்தம் வெறும் ‘பட் பட்’ என்று காய்ந்து ஒலிக்கலாம். பட்டாசா, வெடியா என்று யோசிக்கும் நேரத்தில்தான் ஓடியிருக்க வேண்டும்.

சைலன்சர் மாட்டினால் ‘ஃபுஸ்’ என்று மட்டும் கேட்பதும் கதைதான். சுமார் 20 முதல் 35 டெசிபல் குறையும். மீதி இருப்பதே காதைப் பிளக்கும்.

ஹூஸ்டன் நகர நிர்வாகம் 2012-ல் வெளியிட்ட விழிப்புணர்வு வீடியோ, அமெரிக்கா முழுக்கப் பரவிய மூன்று சொற்களைத் தந்தது: ஓடு, ஒளி, எதிர்த்து நில். வரிசைதான் முக்கியம். ஹீரோயிசம் கடைசியில், வேறு வழியே இல்லாதபோது மட்டும். பையை எடுக்கத் திரும்பக் கூடாது. ஒளிந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, போனை சைலன்ட்டில் போட வேண்டும், வைப்ரேஷனும் இல்லாமல். போலீஸ் வந்ததும் கைகள் காலியாக, வெளியே தெரியும்படி இருக்க வேண்டும்.

மறைவு வேறு, தடுப்பு வேறு. கார் கதவு உங்களை மறைக்கும், ஆனால் பெரும்பாலான குண்டுகள் அதைத் துளைத்துவிடும். காரில் ஓரளவு தாங்கக்கூடியது இன்ஜின் இருக்கும் பகுதி. கான்கிரீட் தூண் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

அப்புறம், அந்தத் தோள். அங்கே கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கற்றையும் இருக்கின்றன. உயிர் பிழைத்தாலும் கை பழையபடி வேலை செய்யாமல் போகலாம். குண்டுக் காயம் ஒரு சீனில் முடிவதில்லை என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததா? 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், மருத்துவமனையில் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார், பிறகு முதல்வரும் ஆனார். பழைய குரல் மட்டும் திரும்பவே இல்லை.

கத்தியைத் தீயில் காட்டி குண்டைத் தோண்டி எடுக்கும் சீன்? தயவுசெய்து வேண்டாம். 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் காயத்தில் டாக்டர்கள் கழுவாத விரல்களை விட்டுக் குண்டைத் தேடினார்கள். தொற்று பரவி இரண்டரை மாதத்தில் இறந்தார். 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மார்பில் பாய்ந்த குண்டை டாக்டர்கள் எடுக்காமலே விட்டார்கள். அதோடு அவர் 1919 வரை வாழ்ந்தார்.

அவசரம் குண்டு இல்லை, ரத்தம். பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு நடந்த ஆலோசனைகளின் தொடர்ச்சியாக, 2015-ல் அமெரிக்காவில் ‘ஸ்டாப் தி ப்ளீட்’ என்ற பயிற்சி இயக்கம் தொடங்கியது. அதன் பாடம் எளிது. உங்களுக்கு ஆபத்து இல்லை என்று பார்த்துக்கொண்டு உதவிக்குப் போன் செய்யுங்கள். காயத்தில் சுத்தமான துணியை வைத்து இரண்டு உள்ளங்கைகளாலும் முழு பலத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை, கால் என்றால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிக்கே எனப்படும் இறுக்குப்பட்டையைக் கட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஹீரோ கழற்றிக் கட்டும் பெல்ட் பெரும்பாலும் தேவையான அளவு இறுகாது. அதற்குக் கையால் அழுத்துவதே மேல்.

நம் ஊரில் இது துப்பாக்கியைவிட பைக் விபத்துகளுக்குத்தான் அதிகம் உதவும். 108-ஐ அழைத்துவிட்டு அழுத்துங்கள். ‘போலீஸ் கேஸாகிடுமே’ என்ற பயம் வேண்டாம்: 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.