எட்டு மணி வயிற்று வலி!

"டாக்டர், எங்க மூத்தவனுக்கு ஒரு வருஷமா வயித்து வலி. பகல் பூரா நல்லா ஓடியாடுதான். ராத்திரி எட்டு மணியானா போதும், வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டுக்கிடுதான்..."

நெல்லிவாசல்நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடம் இப்படிச் சொன்னது சில வருடங்களுக்கு முன்பு. ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் பக்கமாக ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று 'நாடுகள்' உண்டு. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சின்னச் சின்ன மலைக் கிராமங்களின் தொகுப்புதான். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சாமை, தேன், புளி, கடுக்காய் என்று எங்களைப் போன்ற சித்த வைத்தியர்களுக்கு வாயூறும் பூமி!

மருத்துவ முகாமுக்காகப் போனவன், பேச்சு சுவாரசியத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். "வீட்டுக்கு வாங்க டாக்டர், மலைக்குளிருக்கு ராத்திரி எங்க போய்ப் படுப்பீங்க?" என்று கூட்டிப் போனார் அந்த ஆசிரியர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்காக மலையேறி வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஆசிரியர், அவர் மனைவி, வயதான ஆச்சி, பதின்மூன்று வயதுப் பையன், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்.

பையனைப் பரிசோதித்தேன். எடை குறையவில்லை. காய்ச்சல், வாந்தி இல்லை. மலத்தில் ரத்தம் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியும் இல்லை. திருப்பத்தூரில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. பூச்சி மருந்து ஏற்கெனவே கொடுத்தாயிற்று. (உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இப்போது நான் சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.) கையைப் பிடித்து நாடி பார்த்தேன். வாதம் கொஞ்சம் துள்ளியது. அது எந்தப் பையனுக்குத்தான் துள்ளாது?

சரியாக எட்டு மணி. ஆச்சி பாயை விரித்தார். குடும்ப ஜெபமாம். கிறிஸ்தவ நண்பர்கள் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடுவார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் இயற்றியதால் அவை நம் வீட்டுப் பாட்டுகள் மாதிரியே இருக்கும். பிறகு வேதப் புத்தகத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிப்பார்கள். கடைசியில் வீட்டுப் பெரியவர் ஜெபம் செய்வார், எல்லோருமாகப் பரமண்டல ஜெபம் சொல்வார்கள். கத்தோலிக்கர் வீடுகளில் இதே நேரத்தில் ஜெபமாலை உருளும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஓர் ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். பாட்டு நன்றாக இருந்தது. சின்னவள் வசனத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள், சிரித்தாள். பையன் மட்டும் பாய் விரித்ததிலிருந்து ஒரு கையை வயிற்றிலேயே வைத்திருந்தான். ஆசிரியர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். "ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்..." என்று தொடங்கியவர் இரண்டே நிமிஷத்தில், "கணக்குல முப்பத்தெட்டு மார்க் வாங்கிட்டு வந்திருக்கிற இந்தப் பையனுக்கு நீர்தான் புத்தி தரணும். பெரியவங்களை எதிர்த்துப் பேசுற நாவை அடக்கும் சுவாமி..." என்று போனார். மார்க்கில் ஆரம்பித்து, சைக்கிளை உடைத்தது, பொய் சொன்னது வரை ஒவ்வொன்றாக வந்தது. பையன் மெல்லச் சுருண்டு படுத்தான்.

எனக்கு அப்போதே நோய் புரிந்துவிட்டது!

மருத்துவக் கணக்கில் இது நடிப்பு அல்ல என்பதைப் பெற்றோர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம் குடலுக்கென்றே ஒரு தனி நரம்பு வலை இருக்கிறது. மூளைக்கும் அதற்கும் ஓயாமல் தபால் போக்குவரத்து. பயம் வந்தால் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும், குடலின் அசைவு மாறும், சாதாரண அசைவுகூட வலியாகத் தெரியும். ஒரே பயம் ஒரே நேரத்தில் தினமும் வந்தால் உடம்பு அதைப் பாடம் பண்ணிக்கொள்கிறது. மணியோசை கேட்டதும் பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறியது ஞாபகமிருக்கிறதா? இந்தப் பையனுக்குப் பாய் விரிக்கிற சத்தமே போதும். சித்த மருத்துவத்தில் பயத்தையும் கவலையையும் வாதத்தோடும், கோபத்தைப் பித்தத்தோடும் சேர்த்துச் சொல்லுவோம். அன்றைக்கு அந்தப் பாயில் அப்பாவின் பித்தமும் பிள்ளையின் வாதமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

இன்னொரு சின்னக் காரணமும் இருந்தது. பையன் நாலு மணிக்குத் தின்ற முறுக்கோடு சரி. ஜெபம் முடிந்து எட்டே முக்காலுக்குத்தான் சாப்பாடு. வெறும் வயிற்றில் அமிலம் வேறு.

ராத்திரி திண்ணையில் ஆசிரியரும் நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எப்படிச் சொல்வது? அவர் நம்பிக்கையில் மூக்கை நுழைக்க நான் யார்? இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ஜெபத்துல நீங்க ஆண்டவர்கிட்ட பேசுறீங்களா, பையன்கிட்ட பேசுறீங்களா?"

வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "எங்க அப்பாவும் இப்படித்தான் டாக்டர் ஜெபம் பண்ணுவாங்க" என்றார்.

உள்ளேயிருந்து ஆச்சியின் குரல்: "அந்த ஜெபத்துக்குப் பயந்து நீ மாட்டுத் தொழுவத்துல ஒளிஞ்சு கிடந்தது மறந்துபோச்சாக்கும்!"

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் நிம்மதி.

குடும்ப ஜெபம் வயிற்று வலிக்கான காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மாறு. இவ்வளவு நல்ல மருந்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இப்படித் தப்பாக உபயோகிக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

பாட்டையும் ஜெபத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான அடிகளைச் சேர்ந்து சொல்லும்போது மூச்சு தானாக மெதுவாகிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2001-ல் வெளியிட்டார்கள். லத்தீன் ஜெபமாலை சொன்னாலும் சரி, யோக மந்திரம் ஜபித்தாலும் சரி, மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6-க்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் நன்றாக வேலை செய்தது. நம் சித்தர்கள் கணக்குப்படி ஒரு நாளைக்கு 21,600 மூச்சு, அதாவது நிமிடத்துக்கு 15. அதை மிச்சம் பிடிப்பதுதான் வாசிப் பயிற்சி. ஜெபமாலை சொல்லும் பாட்டிக்கு வாசி என்ற வார்த்தையே தெரியாது, ஆனால் அவரும் மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்!

நன்றி சொல்வதற்கு வருவோம். திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரு உளவியல் பேராசிரியர்கள் 2003-ல் இதையே சோதனை செய்து எழுதினார்கள். ஒரு கூட்டத்தை, நன்றியோடு நினைக்கத்தக்க ஐந்து விஷயங்கள் வரை வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு எரிச்சலூட்டிய விஷயங்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நன்றியை எழுதியவர்கள் உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள், உடற்பயிற்சியும் அதிகம் செய்திருந்தார்கள். நரம்பு, தசை நோய் உள்ளவர்களிடம் 21 நாள் செய்த சோதனையில், நன்றியை எழுதியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பலன் மிதமானதுதான். ஆனால் பக்கவிளைவு இல்லாத, காசில்லாத மருந்து!

எல்லா மருந்தையும் போல இதற்கும் அளவு, அனுபானம் உண்டு. 'எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் அது மனதில் ஒட்டாது. அன்றைக்கு நடந்த ஒன்றை, சின்னதாக, குறிப்பாகச் சொல்ல வேண்டும். வாத்தியார் மனிதர் நல்லவர், மறுநாள் காலையிலேயே "என்ன செய்யணும்னு சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டார். சொன்னேன். இரவுச் சாப்பாட்டை ஏழேகாலுக்கே முடித்துவிடுங்கள். ஜெபத்தில் ஆளுக்கு ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்லட்டும், சின்னவளிலிருந்து ஆரம்பியுங்கள். மார்க்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் சாயங்காலம் இரண்டு பேரும் நடந்துபோய்ப் பேசிக்கொள்ளுங்கள், பாயில் வேண்டாம். "கடைசியா ஒண்ணு. வீட்டு ஆள் ஒருத்தருக்கு, முகத்தைப் பாத்து ஒரு நன்றி."

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அன்றிரவு சாமைச் சோறும் காரக் குழம்பும் சாப்பிட உட்கார்ந்தபோது உணவைத் தந்த ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். விறகடுப்பில் புகையோடு மல்லாடிய அந்த அம்மாவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குமாம். "ஆண்டவர் பெலன் தருவார் டாக்டர்" என்றார். "தருவாரும்மா, முருங்கைக்கீரையிலயும் அன்னபேதிச் செந்தூரத்துலயும் வச்சுத் தருவார். முதல்ல ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க" என்றேன். எத்தனையோ வீடுகளில் பெண்களின் அசதிக்கு 'இருக்கிறதை நினைச்சு ஸ்தோத்திரம் பண்ணு' என்பதையே மருந்தாகக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். அது நன்றி அல்ல, பூட்டு. துக்க வீட்டிலும் இதையே சொல்வார்கள். கிறிஸ்தவ வேதத்தின் சங்கீதங்கள் 150-ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான் என்று படித்திருக்கிறேன். அழுகைக்கும் பாயில் இடம் உண்டு என்றுதானே அர்த்தம்? "இன்னிக்கு எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணலை" என்று பிள்ளை சொன்னால் விட்டுவிட வேண்டும்.

அதே மாதிரி, ஜெபம் பண்ணுகிறோம் என்று பி.பி. மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பித்தம் ஏறும். மலையடிவாரத்துத் திருப்பத்தூரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். ஜனங்களுக்கு ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். தமிழ்க் கோயில் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள், பக்கத்திலேயே வைத்தியமும் பார்த்தார்கள். ஜெபத்துக்காக ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிடவில்லை.

ஆச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. அடுப்படி மூலையில் ஒரு சின்ன மண்கலயம். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் போடுவார். தென் மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது பழைய வழக்கம். பிடி அரிசியைச் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். மிசோரத்தில் 1910-லிருந்தே இதே பழக்கம் உண்டு, அந்த அரிசியில்தான் எத்தனையோ ஊழியங்கள் நடக்கின்றனவாம். "இங்க கொடுக்கதுக்கு நம்ம ஊர்க் கோயில் இல்லையே ஆச்சி, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "கலயம் நிறைஞ்சா பள்ளிக்கூடத்துல ராத்திரி தங்குற புள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சிருவேன். சாமி அங்கன இருந்து எடுத்துக்கிடுவாரு" என்றார். எந்த ஆய்வுக்கும் எட்டாத நன்றி அது. நன்றியை வாயால் சொல்ல வராதவர்களுக்கு நான் இந்தப் பிடி அரிசியைத்தான் சிபாரிசு செய்வேன். எந்த மதத்து அடுப்படியிலும் செய்யலாம்.

மூன்று மாதம் கழித்து வாத்தியார் ஒரு பாட்டில் மலைத்தேனோடு என் கிளினிக்குக்கு வந்தார். முதல் வாரம் பையன் நம்பவே இல்லையாம். அப்பா எப்போது மார்க்கை இழுப்பார் என்று காத்துக்கொண்டே இருந்தானாம். சின்னவள் தினமும் நாய்க்குட்டிக்கே நன்றி சொன்னாளாம். இரண்டாவது வாரம் இவர் தட்டுத் தடுமாறி, "தம்பி, தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு வந்தியே... தேங்க்ஸ்டா" என்றிருக்கிறார். பையன் எழுந்து வெளியே போய்விட்டானாம். "அழுதுட்டு வந்தான் டாக்டர்" என்று சொல்லும்போது இவர் குரலும் கம்மியது.

அந்த அம்மாவுக்கு ஹீமோகுளோபின் எட்டிலிருந்து பத்தரைக்கு ஏறியிருந்தது. அடுப்படியில் இப்போது இவரும் வெங்காயம் நறுக்குகிறாராம்.

"வயித்து வலி?"

"எட்டு மணி வலி போயிருச்சு டாக்டர். கணக்குப் பரீட்சை அன்னிக்கு மட்டும் காலையில லேசா வருது."

அதற்குச் சீரகத் தண்ணீர் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.