வீட்டுக்கு எங்கே கண் வைப்பது?

“கண்ணு வைக்காதே”ன்னு பாட்டி திட்டுவாங்க. ஆனா நான் சொல்லப்போவது வீட்டைக் காக்கும் கண், அதாவது கண்காணிப்புக் கேமரா. எங்க மாமா கேமரா மாட்டும் வேலை செய்கிறார். விடுமுறையில் ஏணி பிடிக்க நானும் போவேன். அங்கே கற்றதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொது அறிவுச் செய்தி. வீட்டுக் கேமராவுக்கு முன்னோடி ஒரு நர்ஸ்! நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன். கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-இல் விண்ணப்பித்து, 1969-இல் காப்புரிமை பெற்றார். கதவில் நான்கு துளைகள். அவற்றின் வழியே கேமரா மேலும் கீழும் நகர்ந்து பார்க்கும். ஏன் நான்கு? உயரமானவர், குட்டையானவர் எல்லார் முகமும் தெரியணுமே!

இன்றும் அதே கணக்குதான். முகம் தெரியாத கேமரா இருந்தும் வீண்.

1. வாசல்: 8 அல்லது 9 அடி உயரம் போதும். ஒரு வீட்டில் மாடி உச்சியில் மாட்டியிருந்தாங்க. சைக்கிள் திருடு போச்சு. படத்தில் தெரிந்தது தொப்பி மட்டும்தான்!

2. கொல்லைப்புறக் கதவு, மொட்டை மாடிப் படிக்கட்டு: பலர் மறந்துவிடும் இடங்கள் இவை.

3. வெயில்: லென்ஸ் நேராகச் சூரியனைப் பார்த்தால் வருபவர் முகம் கறுத்துப் போகும். கொஞ்சம் திருப்பி, சன்ஷேடுக்குக் கீழே மாட்டணும்.

4. இரவு: கேமரா, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படம் எடுக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அந்த ஒளி திரும்பி வந்து படம் வெளுத்துவிடும். லென்ஸ் முன்னால் ஒட்டடை இருந்தாலும் இதே கதிதான். அடிக்கடி துடையுங்கள்.

5. பதிவுப் பெட்டி: டிவி பக்கத்தில் வேண்டாம், திருடன் அதையும் தூக்கிட்டுப் போயிடுவான்! காற்றோட்டமுள்ள மறைவான இடத்தில் வையுங்கள். கரண்ட் போனால் ஓட யு.பி.எஸ். வேண்டும். வாங்கும்போது வந்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். இடம் நிரம்பியதும் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். எனவே ஏதாவது நடந்தால் உடனே பிரதி எடுத்துவிடணும்.

எங்கே வைக்கக் கூடாது? குளியலறை, படுக்கையறை, அடுத்த வீட்டுப் பக்கம். ஒருவர் பக்கத்து வீட்டுத் துவைகல் தெரிகிற மாதிரி மாட்டச் சொன்னார். மாமா ஏணியிலிருந்து இறங்கிட்டார். “அண்ணே, அங்க அந்த அக்கா துணி துவைக்கணும்ல? உங்க வாசலோட நிறுத்திக்குவோம்” என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்ததை மாமாதான் எனக்குச் சொன்னார்.

இன்னொன்று. கேமரா பார்க்கும், ஆனா ஓடி வராது. கூப்பிட்டால் ஓடி வருபவர் அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான். வெளியூர் போகும்போது அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!

– ஒன்பதாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு