அப்பா ரிட்டயர் ஆயிட்டார்

நாலு மாசம் முன்னாடி அப்பா தாலுகா ஆபீஸ் வேலையில இருந்து ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை, குரூப் போட்டோ, ஜீப்புல வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டதுன்னு எல்லாத்தையும் இங்க சட்டன்ல என் ரூமுல இருந்து வீடியோ கால்ல பார்த்தேன். "உழைச்சது போதும், இனிமே ரெஸ்ட் எடுங்கப்பா"ன்னு டயலாக் வேற விட்டேன்.

இப்போ அம்மா போன்ல புலம்பறாங்க. "ஒன்பது மணியானா பேண்ட் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாருடா. எங்க போறீங்கன்னு கேட்டா பதில் இல்ல." முதல்ல சிரிச்சுட்டேன். அப்புறம் சிரிப்பு வரலை.

போன வாரம் கிங்ஸ்டன் போற 213 பஸ்ல ஒரு யாழ்ப்பாணத்து ஐயா பக்கத்துல உட்கார்ந்தார். ஃப்ரீடம் பாஸ் இருக்கு, தினமும் கிங்ஸ்டன் வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வருவாராம். "என்ன வேலையா ஐயா?"ன்னு கேட்டேன். "ஒரு வேலையும் இல்லைத் தம்பி. வேலை விட்ட முதல் மூண்டு மாசம் நல்லாத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கிச்சு, என்னை ஒருத்தரும் தேடேல்லை எண்டு."

ராபர்ட் ஆட்ச்லிங்கற சமூகவியலாளர் 1976-ல இதைத்தான் படிப்படியா எழுதினார். முதல்ல தேனிலவு மாதிரி ஒரு சந்தோஷம், பிறகு ஏமாற்றம், அப்புறம் வாழ்க்கையை மறுபடி அடுக்கிக்கறது. எல்லாருக்கும் இதே வரிசைதான்னு இல்ல. ஆனா அந்த ஐயா சொன்னது அப்படியே பொருந்துது.

ஏன் இந்த ஏமாற்றம்? மேரி யஹோடா 1930-களின் தொடக்கத்துல ஆஸ்திரியாவுல மரியன்தால்ங்கற ஊரை ஆராய்ஞ்சாங்க. மில்லை மூடினதுல ஊரே வேலையிழந்து கிடந்தது. நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்துல புத்தகம் எடுக்கிறது குறைஞ்சுது, ஆம்பிளைங்க நடை கூட மெதுவாச்சு. வேலை சம்பளத்தோட இன்னும் அஞ்சு விஷயம் தருதுன்னு அவங்க பின்னாடி சொன்னாங்க: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனுஷங்க, பொதுவான ஒரு நோக்கம், ஒரு அடையாளம், கட்டாயமா செய்ய ஒரு காரியம். ரிட்டயர்மெண்ட் வேலையிழப்பு இல்லதான். பென்ஷன் வருது. ஆனா பென்ஷன் ஈடு கட்டறது சம்பளத்தை மட்டும்தானே!

இங்க லண்டன்லயே 1985-ல தொடங்கின 'ஒயிட்ஹால் 2' ஆய்வு 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடருது. அதை வச்சு 2018-ல வந்த கட்டுரை, ஓய்வுக்குப் பிறகு சொற்களை நினைவு வச்சுக்கற திறன் முன்னைவிட 38 சதவீதம் வேகமா குறையுதுன்னு சொல்லுது. உயர் பதவி தந்த பாதுகாப்பும் ஓய்வோட போயிடுதாம். அதே ஆய்வுல 2003-ல வந்த இன்னொரு கட்டுரை, உயர் பதவியில இருந்தவங்களுக்கு ஓய்வு பெற்றதும் மனநலம் கொஞ்சம் மேம்பட்டதுன்னு சொல்லுது. ஆக, ஓய்வே வில்லன் இல்ல. என்ன இழந்தோம்னு தெரியாம இருக்கிறதுதான் பிரச்சனை.

பிரிட்டன்ல 65 வயசாச்சுன்னு வீட்டுக்கு அனுப்பற விதியை 2011-லயே எடுத்துட்டாங்க. நம்ம தமிழ்நாட்டு அரசு வேலையில 58-ஐ 2020-ல 59 ஆக்கி, 2021-ல 60 ஆக்கினாங்க. வயசு தள்ளிப் போச்சே தவிர, மாசக் கடைசி நாள் சாயங்காலத்தோட சட்டுன்னு எல்லாம் முடியறது மாறலை. மறுநாள் காலையில என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல.

ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டேன். வழக்கம்போல "அங்க குளிரா?"ன்னார். "அப்பா, தாத்தா நிலம் இன்னும் கூட்டுப் பட்டாவுலதானே இருக்கு? தனிப் பட்டா வாங்க என்ன பண்ணணும்?"னு கேட்டேன். நாப்பது நிமிஷம் பேசினார். உட்பிரிவு, சர்வேயர், பக்கத்து நிலத்துக்காரர் எல்லாம் வந்தாங்க. கடைசியா, "நாளைக்கே விஏஓவைப் பார்க்கறேன், நீ படிப்பைப் பாரு"ன்னார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அதே பேண்ட் சட்டையில கிளம்பிட்டாராம். "கையில ஃபைல் இருந்துச்சுடா"ன்னாங்க அம்மா.

இனிமே ரெஸ்ட் எடுங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சாமி. உங்க வீட்டுல ரிட்டயர் ஆனவங்க என்ன பண்றாங்க மக்கா? வந்து சொல்லிட்டுப் போங்க :-)