பாத்திரம் உடையாதிருக்கட்டும்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். ஆடைத் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளராகக் கடமையாற்றுபவர். முதல்நாள் நூற்றுக்கணக்கான சட்டைகளின் கைப்பகுதியைப் பிரித்து மீண்டும் தைக்க நேர்ந்ததாம். துணியின் நிறம் மாறியிருந்ததைப் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம்பெண் காலையிலேயே கவனித்திருக்கிறாள், ஆனால் சொல்லவில்லை.

"அவள் வாய் திறந்திருக்கலாந்தானே, சுவாமி?" என்று ஆதங்கப்பட்டார்.

"ஏன் திறக்கவில்லை?" என்று கேட்டேன்.

சற்று மௌனமாய் நின்றவர், "போன வாரம் அவள் ஏதோ சொல்ல வந்தபோது எல்லோர் முன்னிலையிலும் ஏசிவிட்டேன்" என்றார்.

அன்புக்குரியவர்களே! அச்சம் குடிகொண்ட வேலைத்தலத்தில் உண்மை ஊமையாகிவிடுகிறது. கைகள் அசையும், உள்ளம் உழைக்காது.

ஏறத்தாழ 480ஆம் ஆண்டில் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்த புனித ஆசீர்வாதப்பர் இதனை நன்கறிந்தவர். அவரைத் தலைவராக வேண்டி அழைத்த துறவிகளே, அவரது கண்டிப்பைத் தாங்காது திராட்சை இரசத்தில் நஞ்சு கலந்து கொடுத்தனர் என்றும், அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் அக்கிண்ணம் உடைந்தது என்றும் புனித பெரிய கிரகோரியார் எழுதிவைத்துள்ளார். பிற்காலத்தில் மொந்தே கசீனோ மலையில் மடம் நிறுவிய ஆசீர்வாதப்பர், 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குவிதியை வகுத்தார். துறவிகளுக்காக எழுதப்பட்ட அவ்விதி, கூடி உழைக்கும் எவருக்கும் பொருந்தும்.

முக்கியமான காரியம் எழும்போது தலைவர் மடத்தார் அனைவரையும் அழைத்து ஆலோசனை கேட்க வேண்டும் என்கிறது மூன்றாம் அதிகாரம். நல்வழியை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அதற்கு அவர் தரும் காரணம். முடிவெடுப்பவர் தலைவரே, ஆயினும் கேளாமல் முடிவெடுக்கலாகாது.

தன் சக்திக்கு மீறிய வேலை சுமத்தப்பட்டால், தக்க நேரம் பார்த்து, அமைதியாக அதை எடுத்துரைக்கும் உரிமையும் துறவிக்கு உண்டு. களஞ்சியப் பொறுப்பாளர் மடத்தின் கருவிகளைப் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல் பேண வேண்டும். கேட்டதைக் கொடுக்க இயலாவிடில் நல்ல சொல்லொன்றையாவது கொடுக்க வேண்டும். சமையலறைப் பணியைத் துறவிகள் வாரமுறையில் மாறிமாறிச் செய்வர். வார முடிவில் அனைவரின் பாதங்களையும் கழுவுவர். இறுதி இராவுணவில் நம் ஆண்டவர் செய்ததும் அதுவன்றோ!

உழைப்புக்கும் வாசிப்புக்கும் செபத்துக்கும் அங்கே தனித்தனி நேரங்கள் உண்டு. செபத்துக்கு அழைப்பு ஒலித்ததும் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு எழவேண்டும். வீட்டு மேசையில் பிள்ளைகள் காத்திருக்க, கைத்தொலைபேசியில் அலுவலகத்தைத் தொடரும் பெற்றோரே, அந்த அழைப்பு உங்கள் காதுகளில் விழுகிறதா?

எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவர் அஞ்சப்படுவதைவிட அன்புசெய்யப்படுவதையே நாட வேண்டும் என்கிறார் புனிதர். திருத்துவதை அவர் தடுக்கவில்லை. துருவை நீக்கும் ஆர்வத்தில் பாத்திரத்தையே உடைத்துவிடாதீர் என்றே எச்சரிக்கிறார். தவறு துரு, அதைச் செய்தவரோ பாத்திரம். இவ்விரண்டையும் பிரித்தறியாத கோபம் எத்தனை உள்ளங்களை நொறுக்கியிருக்கிறது!

"இனி நான் என்ன செய்ய, சுவாமி?" என்றார் அச்சகோதரி.

"எல்லோர் முன்னிலையிலுந்தானே ஏசினீர்கள்? மன்னிப்பையும் அங்கேயே கேளுங்கள்" என்றேன்.

"பிறகு யார் என்னை மதிப்பார்கள்?" என்று தயங்கினார். அவரது தயக்கம் எனக்கு விளங்கியது. பங்கை நடத்தும் நானும் அதே தயக்கத்தால் பலமுறை மௌனம் காத்தவன்தான்.

அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் வந்தார். "கேட்டுவிட்டேன், சுவாமி. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை, ஊசி மாற்ற வேண்டுமென்று தானாகவே வந்து சொன்னாள்" என்றார்.

அன்புக்குரியவர்களே! நாளை காலை நீங்களும் வேலைக்குச் செல்வீர்கள். உங்களிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே திரும்பிப் போன ஒருவர் அங்கிருக்கக்கூடும். அவரிடம் நீங்களே செல்லுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.