கோடீஸ்வரர் படகில் சமையல்காரருக்குக் காய்ச்சல்!

முதலில் செருப்பைக் கழற்றுங்கள். கோயிலுக்குள் நுழைகிற மாதிரிதான் இங்கேயும். பிரான்ஸின் தென்கரையில் ஆன்டீப் நகரம், வோபான் துறைமுகம். கரையிலிருந்து படகுக்கு ஏறும் பலகையின் அடியில் ஒரு கூடை வைத்திருப்பார்கள். தேக்குமரத் தளத்தில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம். உலகப் பணக்காரர் வரிசையில் இருப்பவரும் அந்தக் கூடையில் செருப்பைப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறவேண்டும். இந்தத் துறைமுகத்தின் ஒரு பகுதிக்கு ‘கோடீஸ்வரர் கரை’ என்றே பெயர். அங்கே பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டியபடி வரிசைகட்டி நிற்கும் சூப்பர் யாட்களை வாய்பிளந்து படமெடுக்கும் கூட்டத்தை விடுங்கள். ஜக்குஸி, ஷாம்பெயின், ஜெட் ஸ்கீ எல்லாம் அவர்களுக்கு இருக்கட்டும். நாம் கீழ்த்தளத்துக்குப் போவோம். சுவாரசியமெல்லாம் அங்கேதான்!

ஐம்பது மீட்டர் நீளப் படகென்றால் பத்துப் பன்னிரண்டு ஊழியர்கள் இருப்பார்கள். கேப்டன், இன்ஜினீயர், சமையல்காரர், தளத்தைக் கழுவித் துடைக்கும் டெக்ஹேண்டுகள், அறைகளையும் விருந்தையும் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டஸ்கள். அடுக்குக் கட்டில் போட்ட குட்டி அறைக்கு இரண்டு பேர். குழாயில் பதிந்த கைரேகையைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுப்பது உண்மையாகவே ஒரு வேலை! பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கும் தென்னாப்பிரிக்கர்கள், பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள். எல்லோருக்கும் பளிச்சென்ற டீ சர்ட், பளிச்சென்ற சிரிப்பு. சரி, இந்தச் சிரிப்புக்காரர்களில் ஒருவருக்கு நடுக்கடலில் வயிற்றுவலி வந்தால் யார் பார்ப்பார்கள்? அதைவிட முக்கியம், யார் காசு கொடுப்பார்கள்?

கதை படகில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ‘எங் ஒன்’ என்ற சான்றிதழ் இல்லாமல் யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் கடல்சார் முகமை அங்கீகரித்த டாக்டரிடம் போய் வாங்க வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீர், எடை, காது, கண் என்று தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். இரண்டு வருடம் செல்லும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு ஒரே வருடம்தான்.

இதில் எல்லோரும் பயப்படுவது புள்ளிப் படத்துக்குத்தான். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்குமே, ஜப்பானிய டாக்டர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட அதே சோதனை. இரவுக் கடலில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரைக் காவலுக்கு நிறுத்த முடியுமா? வேலையை விட்டு, விமான டிக்கெட் எடுத்து, கடல் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டி முடித்துவிட்டுக் கடைசியாக இந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து “எண்ணா? எங்கே?” என்று முழிக்கும் இளைஞர்கள் உண்டு. அதனால்தான் பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் புத்திமதி, மற்ற எதற்கும் காசு கட்டுமுன் எங் ஒன்னை முடித்துவிடு என்பது. புள்ளிப் படத்தில் தோற்றவர்களுக்கு மேல்சோதனை ஒன்று இருக்கிறது. அதிலும் தோற்றால் இரவுக் காவல் வேலை கிடையாது. படகின் உள்ளறை வேலைக்கு வழி இருக்கும்.

இன்னொரு கூத்து, இந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் தனக்கு இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் காகிதம் மட்டுமே. உடம்பு கெட்டால் அது ஒரு பைசா தராது.

இப்போது படகுக்குள் டாக்டரைத் தேடுவோம். தேடாதீர்கள், இருக்க மாட்டார்! நூறு பேரையோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம் என்கிறது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. வாடகைக்கு விடும் யாட்களில் பெரும்பாலானவை பன்னிரண்டு விருந்தினருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஊழியர்களைச் சேர்த்து எண்ணினாலும் நூறு எங்கே வரப்போகிறது? சட்டப்படி மருத்துவப் பொறுப்பு கேப்டனுடையது. நடைமுறையில் அது துணைக் கேப்டன் தலையிலோ, தலைமை ஸ்டூவர்டஸ் தலையிலோ வந்து விழும்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நேற்று மாலை ஷாம்பெயின் ஊற்றிக்கொடுத்த அதே கை இன்று காலை டெக்ஹேண்டின் கிழிந்த உள்ளங்கையைத் தைக்கும்! அதற்கென்று சில நாள் மருத்துவப் பயிற்சி இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகுவார்கள். பன்றிக்காலில் தையல் போட்டுப் பழகுவார்கள். அதன்பிறகு மனிதத் தோல்தான். பக்கத்திலேயே புத்தகமும் திறந்திருக்கும். பிரிட்டனில் ‘கப்பல் கேப்டனின் மருத்துவ வழிகாட்டி’ என்று ஒன்று 1868லிருந்து பதிப்புமேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் கப்பல்களுக்கென்று தனியாக ஒன்று போட்டிருக்கிறது. மருந்து அலமாரியைத் திறந்தால் குமட்டல் மாத்திரை, ஆன்டிபயாடிக், காயக்கட்டு, ஆக்சிஜன், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. தூரக்கடல் போகும் படகானால் பூட்டிய பெட்டிக்குள் மார்ஃபினும் இருக்கும். சாவி கேப்டனிடம். எத்தனை ஊசி போனது, யாருக்குப் போனது என்று கணக்கு எழுதியாக வேண்டும்.

புத்தகத்துக்கும் மேலே போனால்? போன்! கடல் வைத்தியர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், சிரிப்பு வரும். பிரான்ஸின் கடல் மருத்துவ ஆலோசனை மையம் துலூஸில் இருக்கிறது. அலைச்சத்தமே எட்டாத உள்நாட்டு நகரம்! யாட்களுக்கும் விமானங்களுக்கும் சந்தா அடிப்படையில் டாக்டர் ஆலோசனை தரும் மெட்ஏர் நிறுவனமோ அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் வளர்ந்தது. சுற்றிலும் கள்ளிச்செடி, பாலைவனம். அங்கே குளிர்சாதன அறையில் இருக்கும் அவசரப்பிரிவு டாக்டர் ஒருவர் கரீபியன் கடலில் ஆடிக்கொண்டிருக்கும் ஸ்டூவர்டஸிடம், “வயிற்றின் வலப்பக்கம் கீழே அழுத்துங்கள், சட்டென்று கையை எடுங்கள். எடுக்கும்போது வலி கூடுகிறதா?” என்று கேட்பார். குடல்வாலா, வெறும் அஜீரணமா என்று இப்படித்தான் முதலில் பிரித்துப் பார்ப்பார்கள். சந்தா கட்டிய படகென்றால் மருந்துப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் டாக்டரிடமும் இருக்கும். எதை எடுத்துக் கொடுப்பது என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார்.

சந்தா கட்டாதவர்களுக்கு ரோம் இருக்கிறது. 1935இல் குயிதோ குயிதா என்ற டாக்டர் தொடங்கிய சர்வதேச வானொலி மருத்துவ மையம், எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? சாட்சாத் மார்க்கோனி! கம்பியில்லாத் தந்தியைக் கப்பலேற்றியவரே கம்பியில்லா வைத்தியத்துக்கும் தலைமை தாங்கியிருக்கிறார்.

மத்தியதரைக் கடலின் கோடை முடிந்ததும் யாட்கள் கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்குப் போகும். கேனரி தீவுகளிலிருந்து சுமார் 2,700 கடல் மைல். நடுவில் எந்த ஹெலிகாப்டரும் எட்டாது. அப்போது டாக்டர் இருக்கும் கப்பல் அருகில் வருகிறதா என்று தேடுவார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1958இல் தொடங்கிய ஆம்வர் என்ற ஏற்பாட்டில் சரக்குக் கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தாமாகவே சொல்லிவைக்கின்றன. அருகில் ஒன்று இருந்தால் உதவிக்குத் திரும்பும். உல்லாசப் படகின் நோயாளி எண்ணெய்க் கப்பலின் ஏணியைப் பிடித்துத் தொங்குவது விளம்பரப் படத்தில் வராது!

அப்படி என்னதான் நோய் வருகிறது என்கிறீர்களா? சுறாவெல்லாம் இல்லை. சமையலறைக் கத்தி, சூட்டுக்காயம், ஈரத் தளத்தில் சறுக்கல், சிறு படகுக்கும் பெரிய படகுக்கும் நடுவே நசுங்கிய விரல், தொங்கியபடி பக்கவாட்டைத் துடைக்கும்போது விழுதல், முதுகுவலி. விருந்தினர் படகில் இருக்கும் வாரங்களில் தூக்கம் போய்விடும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு என்று விதி இருக்கிறது. ஆனால் மூன்றாம் தளத்துப் பார்ட்டி இரண்டு மணிக்கு முடிந்து, காலை ஆறு மணிக்கு முட்டையின் வெள்ளைக்கரு ஆம்லெட் கேட்டால் விதி எங்கே போய்ப் படுக்கும்? மனசும் சேர்ந்துதான் நோகிறது. அதற்கென்றே ‘யாட் க்ரூ ஹெல்ப்’ என்ற 24 மணி நேர உதவி எண்ணைக் கடலோடிகள் நல அமைப்பு ஒன்று நடத்துகிறது.

சரி, காசுக்கு வருவோம். இது 12ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பஞ்சாயத்து! பிரான்ஸின் மேற்குக் கரையில் ஒலெரோன் என்றொரு தீவு. அதன் பெயரில் வழங்கிய பழைய கடற்சட்டம் ஒன்று, நோயுற்ற மாலுமியைக் கரையில் இறக்கித் தங்க இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. கப்பலில் கிடைத்த அதே சாப்பாடு வேண்டும், பார்த்துக்கொள்ளக் கப்பல் பையன் ஒருவனையோ கூலிக்கு ஒரு பெண்ணையோ வைக்க வேண்டும், வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியும் தர வேண்டும். மெழுகுவர்த்தியைக்கூட மறக்கவில்லை பாருங்கள்! 1798இல் அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட சட்டமோ மாலுமியின் சம்பளத்திலிருந்தே மாதம் 20 சென்ட் பிடித்து மாலுமி ஆஸ்பத்திரிகளை நடத்தியது. அந்த நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை முளைத்தது அதிலிருந்துதான்.

இன்று ஆட்சி செய்வது 2006இல் ஜெனீவாவில் நிறைவேறி, 2013 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. வேலைக்காலத்தில் நோயோ காயமோ வந்தால் வைத்தியமும் சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. நாடுகள் இதற்குக் கால வரம்பு வைக்கலாம். ஆனால் 16 வாரத்துக்குக் கீழே இறக்க முடியாது. நல்ல விஷயம்தானே? இருங்கள், ஒரு ஓட்டை இருக்கிறது. வாடகைக்கு ஓடும் படகு வணிகக் கப்பல், அதற்கு இந்த விதி உண்டு. முதலாளி தன் குடும்பத்துக்கென்று மட்டும் வைத்திருக்கும் தனியார் படகை இந்த உடன்படிக்கை தொடுவதில்லை! கோடீஸ்வரர் கரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படகுகள் நிற்கும். அதே நீளம், அதே வேலை, அதே வழுக்கும் தளம். ஒன்றில் விரல் நசுங்கினால் சட்டம் பேசும். மற்றதில் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பல தனியார் முதலாளிகள் தாமாகவே அதே தரத்தில் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஒருவருடைய வைத்தியம் முதலாளியின் நல்ல மனசை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊழியருக்கான இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்தால் இன்னும் வேடிக்கை. பெரும்பாலும் காப்பீடு படகோடு ஒட்டியது. கணக்கைத் தீர்த்துக்கொண்டு பையோடு இறங்கிய கொஞ்ச நாளில் அது போய்விடும். ஆன்டீப்பிலோ அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலிலோ ஊழியர் விடுதியில் தங்கி அடுத்த வேலை தேடும் வாரங்களில் பல்லோ குடல்வாலோ தகராறு செய்தால் சொந்தக் காசுதான். ‘அமெரிக்கா நீங்கலாக உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி பல பாலிசிகளில் இருக்கும். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு அவ்வளவு. கரீபியனில் அடிபட்டவரை விமானத்தில் ஏற்றினால் அடிக்கடி போய் இறங்கும் ஊர் அமெரிக்காவின் மயாமி என்பதை அந்த வரியோடு சேர்த்துப் படியுங்கள்! விடுமுறை நாளில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து விழுந்தால் ஒரு விலக்கு, போதையில் விழுந்தால் இன்னொரு விலக்கு. ஏற்கெனவே இருந்த நோய்க்குத் தனிப் பத்தி. பல்லுக்குப் பல பாலிசிகளில் இடமே கிடையாது.

வேலை நேர்காணலுக்கு வரும் புதியவர்கள், வாடகைப் பயணத்தில் டிப்ஸ் எவ்வளவு தேறும் என்று கேட்பார்கள். விவரம் தெரிந்த பழைய போசன், அதாவது டெக்ஹேண்டுகளின் தலைவர், கேட்கும் கேள்விகளே வேறு: இது வணிகப் படகா, தனியார் படகா? அமெரிக்கா சேருமா, சேராதா? முதலில் எவ்வளவு என் கையிலிருந்து போடவேண்டும்? நான் இறங்கியபின் எத்தனை நாள் ஓடும்? அப்புறம், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பல்லுக்கு உண்டா?