யட்சிக் கதை நாவலான விதம்

பாட்டி சொல்லும் யட்சிக் கதை ஒரு நாழிகைக்குள் முடிந்துவிடும். அதையே நாவலாக விரிக்கப் புகும் ஆசிரியர் எதனைப் புதிதாகச் சேர்க்கிறார்? இவ்வினாவிற்குத் திருவனந்தபுரத்துப் பழங்கதை ஒன்று வழிகாட்டுகிறது.

பத்மநாபபுரத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட காட்டுவழியில் ஒரு யட்சி உலவினாளாம். அழகிய பெண்ணுருக் கொண்டு, வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். இரங்கி நின்றவர் வீடு திரும்புவதில்லை. கடமற்றத்துக் கத்தனார் என்னும் பாதிரியார் ஆணி அறைந்து அவளை அடக்கினார் என்பது கதை. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் வெளியிட்டு வந்த 'ஐதிஹ்யமாலை'யில் இதனைக் காணலாம். நாஞ்சில் நாட்டார் வில்லுப்பாட்டில் கேட்ட கள்ளியங்காட்டு நீலியும் இவளுக்கு உறவினளே.

இந்த மரபை எடுத்துக்கொண்டு 1967-இல் மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 'யட்சி' என்னும் மலையாள நாவலை எழுதினார். அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். கேரளத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வேர்கள்' நாவலும் அவருடையதே.

'யட்சி'யில் காட்டுவழி இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடம் இருக்கிறது. விரிவுரையாளர் சீனிவாசனின் முகம் அமிலம் பட்டு உருக்குலைகிறது. பழகியவர்கள் விலகுகிறார்கள். அப்போது ராகினி என்னும் பேரழகி அவனை நேசிக்கிறாள். 'இம்முகத்தை ஒரு மானிடப்பெண் விரும்புவாளா?' என்ற ஐயம் அவனுள் முளைக்கிறது. அவள் யட்சியோ என்று அஞ்சத் தொடங்குகிறான்.

வேறுபாடு இங்குதான் உள்ளது. பழங்கதையில் அவள் யார் என்பதில் கேட்போருக்கு ஐயமே இல்லை. நாவலில் ஐயமே கதையாகிறது. அவள் யட்சியா, அல்லது காயமுற்ற மனம் படைத்த உருவமா என்று வாசகர் தவிக்கிறார். அந்த ஐயத்தின் விலையைக் கொடுப்பவள் ராகினி. 1968-இல் கே. எஸ். சேதுமாதவன் இதனைத் திரைப்படமாக்கினார்.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே! உங்கள் இல்லத்துக் குழந்தைகள் வேற்றுமொழிப் பள்ளியிற் பயிலலாம். எனினும் இரவில் அவர்களுக்கு நீலி கதையைச் சொல்லுங்கள். முடிவில், "அவளை யட்சி என்று முதலில் சொன்னவர் யார்?" என்று கேளுங்கள். அவர்கள் கூறும் மறுமொழியிலிருந்து பழங்கதை மீண்டும் புதிதாகத் தொடங்கும்.