உஷார்! பீரோவில் தூங்கும் பாலிசியை இன்றே எழுப்புங்கள்

'ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு, அஞ்சு லட்சத்துக்குக் கவர் இருக்கு, இனிமே கவலையில்லை' என்று பாலிசியைப் பீரோவில் துணி அடுக்குக்கு அடியில் வைத்துப் பூட்டியவரா நீங்கள்? உஷார்! முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஐந்து லட்சத்தில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதை உள்ளே இருக்கும் பொடி எழுத்துகள்தான் முடிவு செய்கின்றன. பலர் அதை முதன்முதலாகத் தெரிந்துகொள்வதே டிஸ்சார்ஜ் அன்று, பில்லிங் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான்.

ரூம் வாடகையில் வைத்த கண்ணி

'ஒரு நாள் ரூம் வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை' என்று உங்கள் பாலிசியில் ஒரு வரி இருப்பதாக வையுங்கள். ஐந்து லட்சத்துக்கு அது 5,000 ரூபாய். ஆஸ்பத்திரியிலோ 'சிங்கிள் ரூம்தான் காலி, ஒரு நாளைக்குப் பத்தாயிரம்' என்கிறார்கள். மீதி ஐயாயிரம்தானே, கையிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று தலையாட்டுகிறோம். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பல ஆஸ்பத்திரிகளில் ரூம் உயர்ந்தால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் என எல்லாக் கட்டணமும் கூடவே உயரும். உங்கள் பாலிசிப்படி பாதி வாடகை ரூமுக்குத்தான் தகுதி என்பதால், அந்தக் கட்டணங்களிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். ஐந்து நாள் கணக்கைப் பாருங்கள். ரூம் 50,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் 2,00,000, மருந்தும் டெஸ்ட்டும் 70,000. மொத்த பில் 3,20,000 ரூபாய். கம்பெனி தருவது 25,000 + 1,00,000 + 70,000, அதாவது 1,95,000. ஐந்து லட்சம் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டே 1,25,000 ரூபாய்க்கு நீங்கள் நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மருந்து, டெஸ்ட், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டு வெட்டக் கூடாது. எந்த ரூமானாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றாலும் வெட்டக் கூடாது. அதனால் அட்மிஷன் போடும்போதே 'ரூமுக்கு ரூம் ரேட் மாறுமா?' என்று கேளுங்கள். புதிதாகப் பாலிசி எடுப்பவர் என்றால், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் ரூம் வாடகைக்கு வரம்பில்லாததையே தேடுங்கள்.

'சுகரை மட்டும் போடாதீங்க சார்!'

விண்ணப்பத்தை நிரப்பும்போது இப்படி யாராவது காதில் ஓதினால், உடனே பேனாவை வாங்கி நீங்களே நிரப்புங்கள். 'பிரீமியம் ஏறிடும், யார் பார்க்கப் போறாங்க?' என்பார்கள். பார்ப்பார்கள். நெஞ்சுவலி என்று ஓடினால் டியூட்டி டாக்டர் முதலில் கேட்பதே, 'சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?' என்றுதான். பதற்றத்தில் வீட்டம்மா, 'அது ஆச்சுங்க பத்து வருஷம்' என்று உண்மையைச் சொல்லிவிடுவார். அது கேஸ் ஷீட்டில் ஏறும். அங்கிருந்து கம்பெனிக்குப் போகும். பாலிசிக்கு மூன்று வயதுதான் என்றால், நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுக்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம். விடாமல் 60 மாதம் கட்டி முடித்த பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய இந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. அந்த ஐந்து வருஷத்தை நம்பிப் பொய் எழுதுவது சூதாட்டம்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அவ்வளவுதான். 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் 36 மாதம். எந்த நோயானாலும் முதல் 30 நாளுக்குக் கவர் கிடையாது. விபத்துக்கு மட்டும் விலக்கு. கண்புரை, குடலிறக்கம், மூலம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு பாலிசி தேடினால் பயனில்லை என்பது இதனால்தான்.

'ஆபீஸ்ல இன்ஷூரன்ஸ் இருக்கே!' என்பவர்களும் இதைக் கவனியுங்கள். வேலை போனால் அந்தக் கவரும் போய்விடும். ஐம்பது வயதில், சுகரோடும் பிரஷரோடும் போய்ப் புதிதாகக் காத்திருப்பதைவிட, உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துக் காத்திருப்பைக் கழித்துவிடுங்கள்.

இன்று ராத்திரியே பாருங்கள்

பாலிசியோடு 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்று சில பக்கங்கள் தர வேண்டும் என்பது விதி. கேட்டால் தமிழிலும் தர வேண்டும். கேளுங்கள். அதில் ரூம் வரம்பு, காத்திருப்புக் காலம் தவிர இன்னும் இரண்டு இடங்களில் விரல் வையுங்கள். ஒன்று, கோ-பே: 20 சதவீதம் என்றிருந்தால் ஒவ்வொரு க்ளெய்மிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. மற்றொன்று, கண்புரை போன்ற சிகிச்சைகளுக்குத் தனியாகப் போட்டிருக்கும் உச்சவரம்பு.

புதுப் பாலிசி பிடிக்கவில்லையா? கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு கழிவு போகப் பணம் வரும். பழைய பாலிசியா? புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பித்து வேறு கம்பெனிக்கு மாறலாம். கழித்த காத்திருப்புக் காலமும் கூடவே வரும். ஆனால் புதுக் கம்பெனி சம்மதிக்கும் வரை பழையதை விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. பாலிசி எடுத்தவர் படுக்கையில் கிடக்கும்போது கவுன்ட்டரில் நிற்கப்போவது மனைவியோ மகனோதான். அதனால் நீங்கள் மட்டும் படித்தால் போதாது. இன்று சாப்பாடு முடிந்ததும் அவர்களையும் உட்கார வைத்து வாசியுங்கள். எத்தனை ரூபாய் ரூம் வரை போகலாம் என்ற அந்த ஒரு எண்ணாவது, உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.